மூடிய கதவுக்கு வெளியே ஒரு பெருமாள்

என் அண்ணன் மகள் கல்லூரியில் கணிதம் படிக்கிறாள். மீதி நேரத்தில், அதாவது பெரும்பாலான நேரத்தில், தொடர்கதை எழுதுகிறாள். சீனத் தொடர்களாகப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. அவள் கதையில் நாயகனுக்கும் நாயகிக்கும் சாவு கிடையாது. அவன் மேகத்துக்கு மேலே ஒரு மலையை ஆள்கிறவன். அவள் கடலடியில் ஒரு நகரத்துக்குக் காவல். இருவரும் காதலித்தார்கள். ஒரு போரில் தன் மலையைக் காப்பாற்றிக்கொள்ள, அவள் நகரத்தின் வாசலை அவன் எதிரிக்குத் திறந்துவிட்டான். அதற்கப்புறம் 900 வருஷம் இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

இதுவரைக்கும் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. 42-ஆம் அத்தியாயத்தில் அவர்களைச் சேர்த்துவைக்க வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டாள். ஒரு முறை அவனை அழவைத்துப் பார்த்தாள். இன்னொரு முறை அவளுக்காகக் குறுக்கே பாய்ந்து நெஞ்சில் வாளை வாங்கவைத்தாள். அவளுடைய அறைத்தோழி படித்துவிட்டு ஒரே வரியில் முடித்துவிட்டாளாம்: "அவனுக்குத்தான் சாவே கிடையாதே, ரெண்டு நாள்ல ஆறிடும். இதுக்கெல்லாமா மன்னிப்பாங்க?"

போன பங்குனியில் திருச்சிக்கு வந்தவள், வந்ததும் வராததுமாக என்னிடம் கேட்டாள். "அத்தை, சாகவே மாட்டாங்கன்னு வெச்சுக்கோ. ஒருத்தன் துரோகம் பண்ணிட்டான். எப்படித்தான் சேர்றது?"

நல்ல கேள்விதான். மனிதர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால் இருபது வருஷப் பகை கால்மணி நேரத்தில் கரைந்துபோகிறது. இன்னும் எத்தனை நாளோ என்கிற அந்த ஒரு நினைப்பு போதும், பாதி மன்னிப்பை அதுவே கொடுத்துவிடும். சாகாதவர்களுக்கு அந்த வசதி இல்லை. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கலாம். நாளைகளுக்கு முடிவே கிடையாது.

"நாலு நாள் இருந்துட்டுப் போ, காட்டுறேன்" என்றேன்.

எங்கள் பழைய வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் போகிற சாலையில் இருந்தது. அப்பாயி அந்தத் திண்ணையில் உட்கார்ந்து எனக்குச் சொன்ன கதைதான் இது. அப்பாயிக்கு ராஜகோபுரம் கடைசிவரைக்கும் மொட்டைக் கோபுரம்தான். 1987-இல் அது 236 அடிக்கு எழும்பி நின்ற பிறகும், "மொட்டைக் கோபுரத்துக்கிட்ட இறங்கிக்க" என்றுதான் சொல்வாள். பழைய பெயரை விடாதவள் பழைய கோபத்தை விடுவாளா? அதைப் பிறகு சொல்கிறேன்.

ஸ்ரீரங்கத்துப் பங்குனி உற்சவத்தின் ஆறாம் நாள் நம்பெருமாள், அதாவது அரங்கனின் உற்சவ மூர்த்தி, காவிரியைக் கடந்து உறையூருக்குப் போகிறார். அங்கே கமலவல்லி நாச்சியார். நந்த சோழன் தாமரைக் குளத்தில் கண்டெடுத்து வளர்த்த மகள். அரங்கனைத் தவிர வேறு யாரையும் மணக்க மாட்டேன் என்று இருந்து அவரையே மணந்தவள். பங்குனி ஆயில்யம் அவளுடைய நட்சத்திரம். அன்றைக்கு ஒரு நாள் அவளும் பெருமாளும் சேர்த்தியாக எழுந்தருளி இருப்பார்கள். உறையூர்க் கோயில் மூலவர்கள் வடக்கு பார்த்து, ஸ்ரீரங்கம் இருக்கிற திசையை நோக்கி இருக்கிறார்கள். வருஷம் முழுக்க அவள் பார்ப்பது அந்தத் திசையைத்தான்.

பங்குனியில் காவிரியில் பெரும்பாலும் மணல்தான் இருக்கும். பெருமாள் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் ஆற்றுக்குப் போவார். போகும்போது ஒரு தடவை தேங்காய் உடைப்போம், திரும்பும்போது ஒரு தடவை கும்பிடுவோம். அப்பாயி ஒவ்வொரு வருஷமும் தவறாமல் சொல்வது: "நல்லா பாத்துக்க. நாமதான் சாட்சி."

ஏன் சாட்சி வேண்டும் என்பது மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். ஒன்பதாம் நாள் உத்திரம், ஸ்ரீரங்கத்திலேயே இருக்கிற மூத்த மனைவி ரங்கநாயகித் தாயாருடைய நட்சத்திரம். அன்று பெருமாள் தாயார் சந்நிதிக்கு வருகிறார். வந்தால் கதவு சாத்தியிருக்கிறது.

தாயார் வெளியே வருகிறவள் இல்லை. 'படி தாண்டாப் பத்தினி' என்று அவளைச் சொல்வது வழக்கம். வீதி உலா, ஆற்றங்கரை எதுவும் அவளுக்குக் கிடையாது. அந்தப் பட்டத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் உத்திரத்தன்று அந்தப் படிக்கு வேறொரு வேலை வந்துவிடுகிறது. அதைத் தாண்டி அவள் வெளியே வருவதில்லை. சரி. இன்றைக்கு அவராலும் அதைத் தாண்டி உள்ளே போக முடியாது.

பல்லக்கு முன்னால் வருகிறது, பின்னால் போகிறது. மறுபடி முன்னால் வருகிறது. உள்ளேயிருந்து பூ பறக்கிறது, பழம் பறக்கிறது, வெண்ணெய் உருண்டை பறக்கிறது. இதற்குப் பெயரே மட்டையடி. ஏட்டில் எழுதும்போது பிரணய கலகம் என்பார்கள், வீதியில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. அப்புறம் பேச்சு வார்த்தை தொடங்கும். பெருமாள் பக்கத்துக்கும் தாயார் பக்கத்துக்கும் கோயில்காரர்கள் நின்று வாசிப்பார்கள். கூட்டத்தில் பாதிப் பேருக்கு எல்லாம் மனப்பாடம், ஆனாலும் எட்டி எட்டிக் காதைக் கொடுப்பார்கள்.

கண் ஏன் சிவந்திருக்கிறது? ராத்திரி கண்விழித்ததால். குழல் ஏன் கலைந்திருக்கிறது? காற்றடித்தது. கஸ்தூரித் திலகம் ஏன் கரைந்துபோயிருக்கிறது? வெயில். சரி, எங்கேதான் போயிருந்தீர்? கணையாழி மோதிரம் காணாமல் போய்விட்டது, தேடப் போனேன்.

இந்த இடத்தில் ஒவ்வொரு வருஷமும் கூட்டம் சிரிக்கும். அம்மா மண்டபம் சாலையே பார்த்திருக்கிறது, உறையூரே பார்த்திருக்கிறது. ஆற்று மணலில் பல்லக்குத் தூக்கியவர்களின் காலடித் தடம்கூட அழிந்திருக்காது. இவர் மோதிரம் தேடினாராம்.

மருமகள் என் தோளை இடித்தாள். "ஒத்துக்கவே மாட்டாரா?"

"மாட்டார். இந்த வருஷமும் மாட்டார், அடுத்த வருஷமும் மாட்டார்."

அடுத்து வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். சின்ன வயதில் எனக்கு அது சிரிப்பு மட்டும்தான். நாற்பது வயதுக்கு மேல்தான் அதில் இருக்கிற கூர்மை புரிந்தது. நம்பாவிட்டால் சத்தியம் செய்கிறேன் என்கிறார் பெருமாள். கடலில் மூழ்கிக் காட்டுகிறேன். பாம்புக் குடத்தில் கை விடுகிறேன். நெருப்பில் இறங்குகிறேன். அந்தக் காலத்தில் மனிதர்கள் தங்களை நிரூபித்துக்கொள்ளச் செய்ததெல்லாம் வரிசையாக வருகிறது.

அதற்குத் தாயாரின் பதிலை அப்பாயி சொல்லிக் கேட்க வேண்டும். குரலை இறக்கி, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொல்வாள்: "கடல்லயா? நீ படுத்திருக்கறதே கடல்லதான். பாம்பா? உன் மெத்தையே பாம்புதானே. நெருப்பு யாரு படைச்சது? போய்யா."

சாகாதவன் செய்யும் சத்தியத்துக்கு விலை கிடையாது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறவனுக்குத் தலை போகிற பயம் இருக்க வேண்டும். பாம்பு கடித்தால் சாகிறவன் பாம்புக் குடத்தில் கை விட்டால்தான் அதற்குச் சத்தியம் என்று பெயர். ஆதிசேஷன் மேல் படுத்திருக்கிறவர் கை விட்டால் அது தலையணையைத் தட்டிப்போடுகிற மாதிரி. மருமகளின் அறைத்தோழி வாளைப் பற்றிச் சொன்னதும் இதையேதான். கோயிலில் அந்தக் கேள்வி ஏற்கனவே கேட்கப்பட்டிருக்கிறது. கேட்டவள் சம்பந்தப்பட்டவளே.

இதை 'ஊடல்' என்று சொல்லிச் சொல்லி நாம் இனிப்பாக்கிவிட்டோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஊடல் உப்பு மாதிரி, அளவு கூடினால் கெட்டுவிடும் என்கிறார் வள்ளுவர். சின்னப் பிணக்குக்குப் புலவி, முற்றிப்போன கோபத்துக்குத் துனி என்று தனித்தனிச் சொல்லே வைத்திருக்கிறார். தும்மினால் யார் நினைத்தார்கள் என்று கேட்கிற பெண்ணின் கோபம் புலவி. புருஷன் ஆற்றைத் தாண்டிப் போய் இன்னொருத்தியோடு சேர்த்தியாக உட்கார்ந்துவிட்டு வந்து மோதிரக் கதை சொல்வதை எதில் சேர்ப்பது? நான் துனியில்தான் சேர்ப்பேன். பூவால் அடிக்கிறார்கள் என்பதற்காக அது அடி இல்லை என்று ஆகிவிடாது.

இப்போது அப்பாயியின் கோபம்.

தாத்தாவுக்கு காந்தி மார்க்கெட் பக்கம் வாழைக்காய் மண்டி. ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த ஆள், வார்த்தைக்கு மதிப்புள்ள ஆள். யாரோ ஒரு கூட்டாளிக்கு ஜாமீன் நின்று, அது கைமீறிப்போய், அப்பாயியின் நாலு வளையலை அவளுக்குத் தெரியாமல் கொண்டுபோய் அடகு வைத்துவிட்டார். ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. தாத்தா என்ன சொன்னார் தெரியுமா? "நல்லா தேடிப் பாரு, எங்கயாவது கைமறதியா வெச்சிருப்ப."

அன்றோடு பேச்சு நின்றது. 11 மாதம். சமையல் நிற்கவில்லை, காபி நிற்கவில்லை, பேச்சு மட்டும் நின்றது. எனக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டடி தூரத்தில் நிற்கிற தாத்தாவைப் பார்க்காமல் என்னிடம் சொல்வாள், "உங்க தாத்தாவைச் சாப்பிட வரச் சொல்லு." தாத்தா என்னிடம் சொல்வார், "ரசத்துல உப்பு கம்மின்னு சொல்லு." சங்கப் பாட்டுக்காரர்கள் இந்த வேலைக்கு 'வாயில்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாணன், தோழி, விறலி என்று ஒரு படையே தூது போகும், தலைவி வாயில் மறுப்பாள். எங்கள் வீட்டில் அத்தனை பேருக்கும் சேர்த்து நான் ஒருத்திதான். சம்பளமாக இரண்டு பக்கமும் கடலை மிட்டாய் கிடைத்துக்கொண்டிருந்ததால், சண்டை சீக்கிரம் தீர வேண்டும் என்று எனக்கும் பெரிய அக்கறை இல்லை.

அந்த வருஷப் பங்குனி உத்திரத்துக்குத் தாத்தா எங்களோடு கோயிலுக்கு வந்தார். கூட்டம் என்றாலே ஒதுங்குகிற மனுஷர், என்ன நினைத்தாரோ வந்தார். மோதிரம் தொலைந்துபோன இடம் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாயி சிரிக்கவில்லை. தலையைத் திருப்பி, 11 மாதத்தில் முதல் தடவையாகத் தாத்தாவை நேராகப் பார்த்து, சுற்றி நிற்கிற பத்துப் பதினைந்து பேருக்கும் கேட்கிற குரலில் கேட்டாள்.

"கேட்டீங்களா? தொலைஞ்சுபோச்சாம்."

பக்கத்தில் நின்றவர்களில் மண்டிக்காரர்களும் இருந்தார்கள். வளையல் விஷயம் அவர்களுக்கும் தெரியும். தாத்தாவின் முகம் போன போக்கு இப்போதும் என் கண்ணிலேயே நிற்கிறது. நகர்ந்து போயிருக்கலாம், போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அங்கேயே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான்தான் கொண்டுபோய் வெச்சேன்" என்றார். அதையும் மெதுவாகச் சொல்லவில்லை.

அன்று ராத்திரி காபி டம்ளர் என் கை வழியாகப் போகவில்லை. நாலு வளையலில் இரண்டுதான் கடைசியில் மீண்டு வந்தது என்பது வேறு விஷயம்.

இந்தக் கதையை மருமகளுக்குச் சொன்னபோது அவள் உடனே கணக்குப் போட்டாள். "அப்போ பெருமாளைவிடத் தாத்தா பெட்டர். அவரு ஒத்துக்கிட்டாரு." ஒரு வகையில் உண்மைதான். ஆனால் தாத்தா கொடுத்தது ஒப்புதல் வாக்குமூலம் மட்டும் இல்லை. நாலு பேர் நடுவில் நின்றார், அதுதான் அவருக்குக் கஷ்டம். பெருமாளும் நிற்கிறார். அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் இன்னொரு கதை. அவளுடைய சீனத் தொடர்களில் தேவலோகத்துக்காரர்கள் ஏதாவது ஒரு தப்புக்காகவோ சோதனைக்காகவோ பூமியில் பிறந்து, அடிபட்டு, மறுபடி மேலே போவார்கள். நடுவில் மெங் போ என்ற கிழவி மறதிக் கஞ்சி கொடுப்பாள், பழசெல்லாம் மறந்துபோகும். 'இதெல்லாம் நம்மகிட்ட இல்லையே' என்று வருத்தப்பட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுந்தரர் கதையை எடுத்துக்கொள். கயிலையில் ஆலாலசுந்தரர். பூப் பறிக்க வந்த கமலினி, அநிந்திதை என்ற இரண்டு பெண்களின் மேல் மனம் போனதால் மூன்று பேரும் பூமிக்கு வருகிறார்கள். கமலினி திருவாரூரில் பரவையாராகப் பிறக்கிறாள், அநிந்திதை சங்கிலியாராக வந்து திருவொற்றியூரில் பூக்கட்டுகிறாள். பெரியபுராணம் இந்த மூன்று பேரின் கதையில் தொடங்கி, அவர்கள் கயிலைக்குத் திரும்புவதில்தான் முடிகிறது. கிழவியும் கஞ்சியும் மட்டும்தான் இல்லை.

முதலில் பரவையார். பங்குனி உத்திரத்துக்கு அவள் கையில் பொன் வேண்டும் என்று சுந்தரர் திருப்புகலூருக்குப் போய், செங்கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்து, அது பொன்னாகி, அதைக் கொண்டுவந்து கொடுக்கிற அளவுக்குப் பிரியம். அப்புறம் யாத்திரையாகப் போனவர் திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பார்க்கிறார். மறுபடியும் கல்யாணம். உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். ஆரூருக்கு ஒரு நாள் போகத்தான் வேண்டியிருக்கும் என்பது அவருக்கும் தெரியும். அதனால் சிவனிடம் ஓர் ஏற்பாடு செய்கிறார்: நான் சந்நிதியில் சத்தியம் செய்யும்போது நீர் அங்கே இருக்காமல் மகிழ மரத்தடியில் இரும். சிவன் சரி என்றார். சொல்லிவிட்டு நேராகச் சங்கிலியாரின் கனவில் போய், சத்தியத்தை மகிழ மரத்தடியில் வாங்கிக்கொள் என்றார். இரண்டு பக்கமும் வேலை பார்க்கிற தூதன் என்றால் எனக்குச் சிவன்தான் நினைவுக்கு வருவார், கடலை மிட்டாய் வாங்காத குறைதான். திருவொற்றியூரில் மாசி உற்சவத்தில் மகிழடி சேவை என்று இன்றைக்கும் நடக்கிறது.

வசந்தம் வந்தது, தென்றல் வந்தது, ஆரூர் நினைவு வந்தது. சுந்தரர் சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயின. திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. கோயிலில் இருக்கிறீரா என்று கேட்டதற்கு, 'உளோம், போகீர்' என்று பதில் வந்ததாம். இருக்கிறோம், போ. அவ்வளவுதான் உபசாரம். காஞ்சியில் ஒரு கண் திரும்பியது. மற்றொன்றுக்குத் திருவாரூர் வரைக்கும் நடக்க வேண்டியிருந்தது. அங்கே பாடுகிற பதிகத்தில் சாமியையே 'வாழ்ந்து போதீரே' என்கிறார். நல்லா இருங்க சாமி என்று நம் வீட்டில் வயிற்றெரிச்சலோடு சொல்வோமே, அதே தொனி.

ஸ்ரீரங்கத்துத் தாயார் கேட்ட கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. கயிலையில் இருந்தபடி சுந்தரர் சத்தியம் செய்திருந்தால் அதற்கு ஒரு விலையும் இருந்திருக்காது. கண் என்று ஒன்று இருந்து, அது போகக்கூடியதாகவும் இருந்ததால்தான் அந்தச் சத்தியம் சத்தியமாயிற்று. அவரைப் பூமிக்கு அனுப்பியதே இதற்குத்தானோ என்னவோ.

ஆனால் கண் போய்த் திரும்பியதெல்லாம் சங்கிலியாரின் கணக்கு. பரவையார் கணக்கு தனி. சங்கிலியார் விஷயம் காதுக்கு எட்டி, அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். போன கண்ணைச் சொல்லியெல்லாம் அவளிடம் கதை நடக்கவில்லை. ஆள் அனுப்பிப் பார்த்தார், நடக்கவில்லை. கடைசியில் சிவனையே தூது போகச் சொன்னார். சிவன் நடுராத்திரியில் திருவாரூர்த் தெருவில் கோயில் அர்ச்சகர் வேஷத்தில் நடந்து போனார். பரவையார் முடியாது என்றாள். திரும்பி வந்து, இரண்டாம் முறை வேஷமில்லாமல் தன் உருவத்தோடு மறுபடி அதே தெருவில் நடந்தார். அப்போதுதான் அவள் இறங்கி வந்தாள்.

இதைக் கேள்விப்பட்ட ஏயர்கோன் கலிக்காமர் கொதித்துப்போனார். பெண்டாட்டி சண்டைக்கு ஆண்டவனைத் தெருவில் நடக்கவைப்பதா என்று அவருக்கு ஆத்திரம். சூலை நோய் வந்து, சுந்தரர்தான் தீர்க்க வேண்டும் என்றபோது, அவன் கையால் பிழைப்பதைவிடச் சாவதே மேல் என்று வயிற்றைக் கிழித்துக்கொண்டார். பிறகு பிழைத்து எழுந்து நண்பர்களானார்கள். இந்த நாயனார் மேல் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு. என்ன நடந்தது என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டு கோபப்பட்ட ஆள் அவர் ஒருவர்தான். கடவுளுக்கு உயிர் போகாது, ரத்தம் சிந்தாது. ஆனால் மானம் என்று ஒன்று உண்டு. அதை எடுத்து ஆரூர்த் தெருவில் இரண்டு தடவை போட்டாயிற்று. அது போய்விட்டதே என்றுதான் கலிக்காமர் வயிற்றைக் கிழித்துக்கொள்கிறார்.

ஸ்ரீரங்கத்தில் பல்லக்கு முன்னும் பின்னும் ஆடுவதை மறுபடி நினைத்துப் பாருங்கள். கடலில் மூழ்குகிறேன் என்கிறார், வேண்டாம். பாம்பு, வேண்டாம். நெருப்பு, வேண்டாம். அவரிடம் போகக்கூடியதாக மிச்சம் இருப்பது ஒன்றுதான். அதை அவர் கொடுக்கிறேன் என்று வாயால் சொல்வதே இல்லை. பட்டும் நகையுமாக, ஊர் பார்க்க, வெண்ணெய் உருண்டையில் அடிவாங்கிக்கொண்டு வாசலில் நிற்கிறார். பொய்யை விடாமல் சொல்லிக்கொண்டே, ஆனால் நகராமல் நிற்கிறார். தாத்தா நின்ற மாதிரி.

கடைசியில் நம்மாழ்வார் வருகிறார். அவர் சொன்னால்தான் தாயார் கேட்பாள். பெருமாளோ பொய்யை நிறுத்துவதாக இல்லை, அவளோ நம்புவதாக இல்லை, நடுவில் இரண்டு பேருக்கும் வேண்டிய மனிதர் ஒருவர் வந்து நிற்கிறார். கதவு திறக்கிறது.

அதற்கப்புறம் சேர்த்தி. வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் பெருமாளும் ரங்கநாயகித் தாயாரும் ஒன்றாக அமர்ந்திருப்பதைப் பார்க்க முடியும். வரிசை ஊர்ந்து ஊர்ந்து நகரும். ராமானுஜர் இதே பங்குனி உத்திரத்தில் இந்தச் சேர்த்திக்கு முன்னால் நின்றுதான் கத்யம் என்கிற உரைநடைத் துதியைச் சொல்லிச் சரணடைந்தார் என்பது சம்பிரதாயம். அதிலும் முதல் விண்ணப்பம் தாயாரிடம், பிறகுதான் பெருமாளிடம். நாள் பார்த்துத்தான் வந்திருக்கிறார் மனுஷர். அப்போதுதான் ஒருவரை மன்னித்து முடித்திருக்கிற அம்மாவிடம் போய், என்னையும் கொஞ்சம் சேர்த்துக்கொள் என்று நிற்பதற்கு அதைவிட நல்ல நேரம் எது?

வரிசையில் நிற்கும்போது மருமகள் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் கேட்டாள், "அப்போ கமலவல்லி?"

"என்ன கமலவல்லி?"

"அவங்ககிட்ட யாரும் எதுவும் சொல்லலையே. அவங்க கல்யாணம்தானே பண்ணிக்கிட்டாங்க, திருடலையே. இங்க வந்து மோதிரம் தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னா, உறையூர்ல இருந்ததே இல்லைன்னு ஆயிடுதுல்ல? துரோகம் அவங்களுக்கும்தானே?"

நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன், எனக்கு இது தோன்றியதில்லை. அப்பாயி நம்மை எந்தப் பக்கத்துக்குச் சாட்சி என்று சொன்னாள் என்றும் நான் கேட்டதில்லை. தாயார் பக்கம் என்றே எடுத்துக்கொண்டுவிட்டேன். போகும்போது தேங்காய் உடைத்தோமே, அப்போது உறையூருக்கும் நாங்கள்தானே சாட்சி. வடக்கு பார்த்து இருக்கிற ஒருத்திக்கு, அவர் வந்தது நிஜம் என்று சொல்ல இந்தத் தெருவைத் தவிர யார் இருக்கிறார்கள்? அங்கே கதவு சாத்திக்கொள்ள அவளுக்கு ஒரு நாள் ஒதுக்கவில்லை. மட்டையடி எல்லாம் மூத்தவளுக்குத்தான்.

அவளுக்குப் பதில் எதுவும் சொல்லவில்லை. தீர்த்தம் வாங்கிக்கொண்டு, மறுநாள் பெருமாள் ஏறப்போகிற கோரதம் என்கிற தேரைப் பார்த்தபடி வெளியே வந்தோம். கடைவீதியில் சுடச்சுட பஜ்ஜி சாப்பிட்டோம். உத்திரத்து ராத்திரி உள்ளே திருமஞ்சனம் 18 முறை நடக்கும், அதையும் பார்க்க வேண்டும் என்றாள். எனக்குத்தான் கால் வலி, வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள். வாளைத் தூக்கிவிட்டாளாம். நாயகன் இப்போது கடலடி நகரத்தின் வாசலில் தன் படை மொத்தமும் பார்க்க நிற்கிறானாம். நகரத்துப் பெண்கள் மேலே இருந்து பாசியையும் மீன் செதிலையும் அள்ளிக் கொட்டுகிறார்களாம்.

"கதவு திறந்தாச்சா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லை அத்தை. 3 அத்தியாயம் ஆச்சு, நிக்கறான்."

"நம்மாழ்வார் யாரு, உன் கதையில?"

"அதான் தேடிட்டிருக்கேன்" என்று வந்தது பதில். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "ஒன்பது வயசுப் பொண்ணு ஒருத்தி இருந்தா சரியா வருமா? ரெண்டு பக்கமும் மிட்டாய் வாங்கிக்கிற மாதிரி?"